கை ஓயாத வயலின்கள்

சில வருடங்களுக்கு முன், தில்லியில் ஒரு ஜனவரி மாதம். பனிமூட்டத்தில் எதிர் ஃபிளாட் கூடக் கண்ணுக்குத் தெரியாத நாட்கள். பக்கத்து ஃபிளாட்டில் இருந்த என் தோழிக்குக் கல்யாணம். அவள் நாகர்கோவில்காரி, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் சின்னக் கோயிலில். ஆர்கன் வாசித்தவர் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மணப்பெண் நடந்து வரும்போது ஒலிக்க வேண்டிய இசையை என் தலையில் கட்டிவிட்டாள் தோழி.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பகலெல்லாம் குர்காவ்ன் ஆபீஸில் கணக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் ஆர்கெஸ்ட்ரா. நிஜக் கலைஞர்கள் சுரம் சுரமாக வாசித்துப் பதிவு செய்த ஒலிகளை வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றைக் கோத்து, பழைய ஐரோப்பிய இசையை ஒரு முழுக் குழுவே வாசிப்பது போலச் செய்வேன். இதில் பெரிய தலைவலி வயலின்தான். மனுஷன் வாசித்தால் வில் முனைக்கு வந்ததும் திருப்பியாக வேண்டும். கம்ப்யூட்டர் வயலினுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கீபோர்டில் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். கேட்டால் உயிரே இருக்காது. அதனால் வில் திரும்பும் சின்னச் சின்ன இடைவெளிகளை நானே உட்கார்ந்து செருகுவேன். சுருக்கமாகச் சொன்னால், மெஷினுக்குக் களைப்பு கற்றுக்கொடுக்கிற வேலை.

தோழியின் அப்பா ஊரில் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமதம் என்றாலே அவருக்கு ஆகாது. மகளோடு இருக்க அவர் தில்லி வந்த புதிதில், சொன்ன நேரத்துக்கு நான் கொஞ்சம் பிந்திப் போனால் வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் 'வா' என்பார். அந்த மனிதருக்கு முந்தின வருடம் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. கல்யாணத்தன்று வீல்சேரில்தான் வர வேண்டும் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அவரும் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டினார். ஒத்திகையில் உறவுக்காரர் ஒருவர் வீல்சேரைத் தள்ள, மகள் பக்கத்தில் நடந்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ அந்த நீளத்துக்கு இசையை வெட்டினேன். அவர்கள் பீடத்துக்கு வந்து சேரும்போது சரியாக டிரம்பெட்டுகள் முழங்கி முடியும். எனக்கு ஒரே பெருமை.

கல்யாணத்தன்று சவுண்ட்காரர் என் பதிவைத் தன் பென் டிரைவில் வைத்திருந்தார். அடுத்து வரும் ஞானப்பாட்டுக்காக நான் லேப்டாப்பும் ஒரு சின்னக் கீபோர்டுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சபைப் போதகர் ஐயர் கை காட்டினார், இசை தொடங்கியது, சபை எழுந்து நின்றது. வாசலில் தோழியின் அப்பா தானே வீல்சேரின் பிரேக்கைப் போட்டார். மகளின் தோளைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு அடி வைப்பார், நிற்பார், வலது காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பார். என் இசையோ கொஞ்சமும் இரக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் அவர் பாதி தூரம் வருவதற்குள் டிரம்பெட்டுகள் முழங்கி முடித்துவிடும். அப்புறம் அத்தனை பேர் முன்னால், அந்த அமைதியில், அவர் ஷூ தரையில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்கும். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் தாமதத்தைக் குறித்துவைத்த மனிதர், மகளின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தவராக நிற்பார். இதை நான் நடக்க விடக்கூடாது.

ஞானப்பாட்டுக்கென்று லேப்டாப்பில் வயலின்களை மட்டும் திறந்து வைத்திருந்தேன். சவுண்ட்காரரிடம், பதிவை மெல்லக் குறையுங்கள், நான் கையால் வாசிக்கிறேன் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் நடைபாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆராம் ஸே, மேடம்," என்றார், பதற வேண்டாம் என்பது போல.

அவர் விரல் பதிவின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, அதே சுருதியில் என் வயலின்கள் மேலே வந்தன. அதன் பிறகு தாளம் என் கையில் இல்லை, அந்தக் காலில் இருந்தது. அவர் அடி வைத்தால் நான் அடுத்த சுரத்துக்குப் போனேன். அவர் நின்றால் நானும் நின்றேன்.

பாதி வழியில் ஒரு பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. மகள் வீல்சேருக்காகத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அழுத்திய கட்டைகளை விடவே இல்லை. நிஜ வாசிப்பாளர்கள் என்றால் கை வலித்திருக்கும், இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். என் வயலின்கள் எதையும் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தன. எந்தக் குறையை மறைக்க நான் இத்தனை நாள் பாடுபட்டேனோ, அதுதான் அன்று அவரைத் தாங்கிப் பிடித்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்க ஒரு கையும் இல்லை.

அவர் பீடத்துக்கு வந்து, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அதன் பிறகுதான் கடைசிச் சுரங்களை வாசித்து முடித்தேன். டிரம்பெட் இல்லை, முழக்கம் இல்லை. அது எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

விருந்தில் என்னைப் பார்த்ததும் அவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாசல்ல எந்திரிச்சதும் ஒரு பயந்தான் மக்களே, பிந்திருவேனோன்னு," என்றார். "பாத்தியா, ஒன் பாட்டு முடியதுக்குள்ள போய்ச் சேந்துட்டேன்."

"ஆமா மாமா, கரெக்ட் டைம்," என்றேன். அவர் பழக்கதோஷத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டார்.

இப்போதும் பதிவுகள் செய்கிறேன், இப்போதும் வில் திரும்பும் இடைவெளிகளைச் செருகுகிறேன். ஆனால் வீட்டிலோ ஆபீஸிலோ யாருக்காவது காத்திருக்கும்போது, நான் காத்திருப்பது அவர்களுக்குத் தெரிகிறதா என்று என்னையே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தால், மனசுக்குள் அந்தக் கட்டைகளை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன்.