ஐந்து நாட்டுச் சோம்பு

விமான நிலையத்து வரியில்லாக் கடையின் மதுப் பிரிவில் நின்ற அந்த விற்பனையாளரை எல்லோரும் ‘தூதர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் சோம்பு வாசனை மது என்று ஒரு பயணி வாயெடுத்தால் போதும், ஐந்து நாட்டிலும் பெண் எடுத்தவர் மாதிரி ஆரம்பித்துவிடுவார்.

கிரேக்கத்து ஊசோவைக் கடல்காற்றோடு குடிக்க வேண்டும். துருக்கி ராக்கி தண்ணீர் பட்டதும் பாலாக வெளுக்கும். அங்கே அதைச் சிங்கப்பால் என்பார்கள். லெபனானின் அரக் மதுவில் முதலில் தண்ணீர், பிறகுதான் பனிக்கட்டி. பிரான்சின் பஸ்தீஸில் அதிமதுரம் எட்டிப் பார்க்கும். இத்தாலியின் சம்புக்காவில் மூன்று காப்பிக்கொட்டைகளை மிதக்கவிடாதவன் மனிதனே இல்லை. இதையெல்லாம் சொல்லும்போது தூதர் கண்களைப் பாதி மூடிக்கொள்வார். கேட்டவர் சொக்கிப்போய், ஒன்று வாங்க வந்த இடத்தில் இரண்டு புட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவற்றில் ஒரு சொட்டைக்கூடத் தூதர் நாக்கில் வைத்ததில்லை. பள்ளிக்கு மட்டம் போடுவதற்காக வயிற்றுவலி என்று அவர் புளுகிய ஒவ்வொரு முறையும் அம்மா சோம்பைக் கொதிக்கவைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றியிருந்தாள். புளுகு ஒருநாளும் பலிக்கவில்லை. சோம்பு என்றாலே குமட்டுவது மட்டும் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. அவருடைய ஞானமெல்லாம் புட்டிகளின் முதுகில் படித்ததும், பயணிகள் பீற்றிக்கொண்டதும்தான். காலையில் ஒருவர் விட்ட கதையை மாலையில் இன்னொருவரிடம் கொஞ்சம் மெருகேற்றி விட்டுவிடுவார்.

அந்தப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றபோதுதான் வினை வந்தது. பதவியில் பெரிதாக எதுவும் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது, அவ்வளவுதான். விற்கிறவன் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது நிர்வாகத்தின் தத்துவம் என்பதால், கடை முழுவதிலும் பிரிவுத் தலைவருக்கு மட்டுமே உட்காரும் பாக்கியம். தூதரின் கெண்டைக்கால்களிலோ நரம்புகள் நீலமாகச் சுருண்டு, அவர் போகாத நாடுகளின் நதிகளைப் போலக் கிடந்தன. தினமும் அவற்றுக்கு எண்ணெய் தேய்க்கிற மனைவிக்கு உலக ஞானத்தின் மீது மரியாதை போய்விட்டிருந்தது.

“உலகத்தையே அளக்குறீங்க. உக்கார ஒரு இடம் பிடிக்கத் தெரியல,” என்பாள்.

போட்டிக்கு நின்றவர் விஸ்கி அலமாரிக்காரர். எந்நேரமும் இஸ்திரி கலையாமல், அத்தர் மணக்க நிற்பதால் அவருக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். தூதர் வாயால் மட்டும் பேசுவதையெல்லாம் அவர் குடித்தே பார்த்திருந்தார். அதுதான் தூதருக்குக் கிலி. யாருக்குப் பதவி என்று முடிவுசெய்ய மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணைக் கட்டிவிட்டு ஐந்து நாட்டுச் சோம்பு மதுவையும் கொடுப்பாராம். எது எந்த நாடு என்று சொல்ல வேண்டுமாம்.

முதலில் மாப்பிள்ளை போனார். தூதர் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே காத்திருந்தார். கதவு வழியே மாப்பிள்ளையின் குரல் நிதானமாக வந்தது. இது கிரேக்கம், உப்புக்காற்று தெரிகிறது. இது லெபனான், அடியில் திராட்சை இருக்கிறது. இது இத்தாலி, சர்க்கரை தூக்கலாக இருக்கிறது. ஐந்தையும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்து, வாயைத் துடைத்தபடி வெளியே வந்தவர் தூதரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்கிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

விலைச்சீட்டைக்கூடக் கழற்றாத ஒரு பட்டுத் துணியால் தூதரின் கண்ணைக் கட்டினார்கள். முதல் மடக்கு உள்ளே போனதும் ஐந்து நாடுகளும் காணாமல் போயின. அம்மா மட்டும் கையில் தம்ளரோடு வந்து நின்றாள். இரண்டாவதிலும் அம்மாதான். ஐந்தாவது வரை வேறு யாரும் வரவில்லை. கடல், சிங்கம், காப்பிக்கொட்டை என்று வழக்கமான சரக்கை எடுத்துவிடலாம்தான். ஆனால் மாப்பிள்ளைக்குக் கொடுத்த வரிசையை மாற்றியிருப்பார்கள், எதை எந்தக் கோப்பைக்கு விடுவது? அதற்குள் கால் வேறு கடுக்க ஆரம்பித்திருந்தது. தோற்றாலும் பரவாயில்லை, சீக்கிரம் தோற்றுவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

“சார், எனக்கு அஞ்சும் ஒண்ணாத்தான் இருக்கு. மன்னிச்சிடுங்க,” என்றார்.

தூதர் தானே கட்டை அவிழ்த்தார். மேசையில் ஐந்து புட்டிகள் வரிசையாக இருந்தன. நான்கில் மூடி முத்திரை உடையவே இல்லை. திறந்திருந்தது ராக்கி ஒன்றுதான், அதுவும் மூடி நசுங்கி விற்க முடியாமல் கிடந்த புட்டி. நாலு நல்ல புட்டிகளை உடைக்க மனசு வராத மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, பெரிய இடத்துக்கு வருகிறவர்களுக்கே உரிய வேகத்தில், அவர் சிரித்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களே! அதுக்குத்தான்யா இந்தப் பரீட்சையே. அவர் பாருங்க, ஒரே புட்டிக்கு அஞ்சு நாட்டைச் சொல்லிட்டுப் போறார்.”

தூதர் தன் ஆயுளில் நாவடக்கம் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

நாற்காலி கிடைத்தது. நல்ல நாற்காலி, சுழலும். முதல் நாள் காலை அவர் அதில் சாய்ந்து, காலை நீட்டி, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மேலாளர் ஒரு தட்டோடு வந்துவிட்டார். தட்டில் சின்னச் சின்னக் கோப்பைகள். இப்படியொரு நாக்கைச் சும்மா வைத்திருப்பது பாவம் என்று மேலிடம் கருதுகிறதாம். இனி வந்திறங்கும் ஒவ்வொரு சோம்பு மதுவையும் தூதர் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் அலமாரியில் ஏற்றுவார்களாம். இன்றைக்கு வந்திருப்பவை ஏழு. தூதர் நாற்காலியின் கையைப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்தார்.

சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தார். கால் எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டாள். காலுக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் புரட்டுகிறது என்றார்.

“இவ்வளவுதானே, இருங்க,” என்று அவள் சமையலறைக்குள் போனாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சோம்பு கொதிக்கிற வாசனை வந்தது.