இரண்டு இலியம்

ஸ்கேன் சென்டரின் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் டிக்‌ஷனரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு ரிப்போர்ட் டைப் அடிப்பது அவள் வேலை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவள். இங்கிலீஷைக் காதால் பிடித்து, அகராதியில் உரசிப் பார்த்துக் கற்றவள். "புராஸ்டேட்னா சுரப்பி. அதுலயே இன்னொரு ஆர் நுழைஞ்சா நெடுஞ்சாண்கிடையா விழுந்து கிடக்கிறது. ஒரு எழுத்துல ஆளையே கவுத்துரும்" என்று சிரிப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் ரிப்போர்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அன்று காலை ஒன்பதேகாலுக்கு ஒரு பஸ் டிரைவரின் மனைவி கவுன்டருக்கு ஓடிவந்தார். "ஸ்கேன் சிடி வேணுமாம், சீக்கிரம் குடுங்க. பத்து மணிக்கு இடுப்பெலும்புல ஊசி குத்தி சதை எடுக்கப் போறாங்க."

சிடியை எடுத்துத் தந்த அக்கா, பேச்சுவாக்கில் கேட்டாள். "அண்ணனுக்கு இடுப்பு வலியா?"

"வயித்து வலிதான் மூணு மாசமா. பஸ் ஓட்டுறவரு இல்லையா, இடுப்பும் வலிக்கும்தான். எலும்புலதான் கோளாறுன்னு உங்க ரிப்போர்ட்ல இருக்காமே?"

அந்த அம்மாள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். வயிற்று வலிக்கு எலும்பில் ஏன் குத்த வேண்டும் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அந்த டிரைவரின் ஸ்கேனுக்கு டாக்டர் பேசிய முந்தாநாள் பதிவைத் தேடிப் போட்டாள். டாக்டரின் குரல் வழக்கம்போல் குதிரைவேகத்தில் ஓடியது: இலியத்தின் சுவர் தடித்திருக்கிறது, அங்கிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சுவர். எலும்புக்கு ஏது சுவர்?

ரிப்போர்ட்டைத் திறந்தாள். இலியம் இரண்டு உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் 'ஈ' எழுத்து இருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, 'ஐ' இருந்தால் இடுப்பெலும்பு. திரையில் 'ஐ' இருந்தது. அவள் விரல் போட்ட 'ஐ'. கீழே டாக்டரின் கையெழுத்து.

டாக்டரின் போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரி போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மேனேஜரிடம் ஓடினாள்.

"கையெழுத்து ஆன ரிப்போர்ட்மா. டாக்டர் பதினோரு மணிக்கு வருவாரு, அவர்கிட்ட சொல்லிக்கலாம்" என்றார் அவர்.

"பத்து மணிக்குக் குத்திருவாங்க சார்."

"ஊதுற சங்கை ஊதியாச்சு, விடு. வெளியே தெரிஞ்சா முதல்ல உன் வேலைதான் போகும்."

வேலை போனால் வீட்டு வாடகை என்ன ஆவது என்று நினைக்கும்போதே கால்கள் படியிறங்கிக்கொண்டிருந்தன. ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஹெட்போன் கழுத்தில் தொங்குவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் மறித்தார். "யாரும்மா நீங்க? நோயாளிக்கு சொந்தமா?"

"இல்லை. ரிப்போர்ட் டைப் அடிச்சவ. தப்பா அடிச்சிட்டேன். அவருக்குக் கோளாறு குடல்ல, எலும்புல இல்ல. டாக்டரை நிறுத்தச் சொல்லுங்க."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் இருந்த டிரைவரின் மனைவி மெல்ல எழுந்தார். அந்தப் பார்வையைச் சந்திக்க அக்காவுக்குத் தெம்பில்லை. நர்ஸ் உள்ளே போன கதவு நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்த சர்ஜன் கையுறையைக் கழற்றியபடியே கேட்டார். "நிச்சயமா தெரியுமா?"

அவள் செல்போனில் கொண்டுவந்திருந்த பதிவைப் போட்டுக் காட்டினாள். 'சுவர்' என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார். "போதும்." உள்ளே திரும்பி, "அவரை வார்டுக்குக் கொண்டுபோங்க" என்றார்.

டிரைவரின் மனைவி கிட்டே வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று அக்கா நினைத்தாள். "நீ வராம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் அழுதார்.

மறுவாரம் குடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். காசநோய். மாத்திரையில் தீரக்கூடியது. அக்காவுக்கு மெமோ வந்தது; மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். படிக்காமல் கையெழுத்திட்ட டாக்டருக்கு மெமோ கிடையாது. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒரு பதிவில், தடதடவென்று ஓடிய இங்கிலீஷ் 'இலியம்' வந்ததும் சட்டென நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் தமிழில் சொன்னார்: "இது எலும்பும்மா. எலும்பு."