எட்டுப் புள்ளிக்குள் தமிழ்

என் தம்பி வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் படித்தவன் அவன் ஒருவன்தான். நான் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், எது வந்தாலும் செய்வேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டோவிலேயே இருவரும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவோம்.

போன வருஷம் அவன் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும், அதற்கென்றே பின்பக்கம் புடைத்த ஒரு பழைய டிவியும் வாங்கி வந்தான். அதில் ஒரு விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. ஆடுகிறவர்தான் கடவுள். மேலேயிருந்து ஒரு தீவைப் பார்க்கிறோம், கீழே எறும்பு மாதிரி மனிதர்கள் திரிகிறார்கள். இங்கே போ, அங்கே நில் என்றெல்லாம் அவர்களிடம் சொல்ல முடியாது. மேட்டை இறக்கி, பள்ளத்தை ஏற்றி நிலத்தைச் சமமாக்கித் தரலாம். சமமான இடம் கிடைத்தால் அவர்களே வீடு கட்டிக்கொள்வார்கள். வீடு பெருகப் பெருக நமக்குச் சக்தி கூடும். எதிர்ப்பக்கம் இன்னொரு கடவுள், அவனுக்கும் ஆட்கள். சக்தி சேர்ந்தால் அவன் பக்கம் வெள்ளம் விடலாம், பூமியை உலுக்கலாம். அவனும் சும்மா இருக்க மாட்டான்.

எனக்கு வெள்ளம் விடுவதைவிட நிலத்தைச் சமப்படுத்துவதுதான் பிடித்திருந்தது. ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வான். ஒருநாள் தண்ணீர் கேன் வந்திருக்கிறதென்று அவன் கீழே போயிருந்தபோது திரையில் ஒரு வரி வந்தது. ஆமாமா, வேண்டாமா என்று கேட்டது. நான் படித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான். எல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆமாம் என்று அழுத்தினேன். என் ஆட்கள் எல்லோரும் வீட்டைப் போட்டுவிட்டுத் தீவின் நடுவுக்கு ஓடினார்கள். நான் தொடங்கிவைத்தது கடைசிப் போர். கொஞ்ச நேரத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை.

தம்பி வந்து பார்த்துவிட்டு, "படிச்சிட்டு அழுத்தியிருக்கலாம்லக்கா" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

"படிச்சேன்டா" என்றேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் நான். இருபது வருஷமாக ஊரார் எழுத்தையெல்லாம் பிழையில்லாமல் கோர்த்துக் கொடுக்கிறேன். ஒரு விளையாட்டுச் சாமான் முன்னால் படிக்கத் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு, அந்த விளையாட்டைத் தமிழில் மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தக் காலத்துப் பெட்டியில் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டு கட்டம்தான் என்றான். அதற்குள் புள்ளி வைத்துத்தான் எழுத்தை வரைந்திருக்கிறார்கள். அதிலும் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள இடம்தான் மொத்த இடமே. தமிழ் அதில் அடங்காது.

"ணை எப்பிடிக்கா அடங்கும்? ஆகாது, விடு."

மறுநாள் அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிராஃப் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். ட, ப, ம சுலபமாக வந்தன. க வளைந்துகொடுத்தது. ண ஓர் எழுத்தின் இடத்தில் வரவே இல்லை, பக்கத்து எழுத்தின் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்தால் மற்ற எழுத்துக்கு இடம் போதவில்லை. எழுத்தைக் குறைக்க முடியாவிட்டால் வார்த்தையை மாற்ற வேண்டியதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. நிலநடுக்கம் நீளம், அது 'நடுக்கம்' ஆயிற்று. சக்திக்கு 'அருள்' போட்டேன். நம் ஆட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று வாரக்கணக்கில் முடிவாகவில்லை. பக்தர்கள் என்றால் வரி தாண்டியது. ஜனம் என்று போட்டால் ஜ புழு மாதிரி இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே தாளைப் பார்த்த என் வீட்டுக்காரர் சொன்னார்: "சனம்னு போடேன். நம்ம வாயில அதுதானே வருது? இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசிச்சிக்கினு கீற?"

அதையே போட்டேன்.

தாள்களைப் பார்த்த பிறகு தம்பி சிரிக்கவில்லை. விளையாட்டின் நகலை லேப்டாப்பில் திறந்து, எழுத்து இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். நான் கட்டம் கட்டமாகச் சொல்ல, அவன் புள்ளி வைத்தான். முதல் தடவை எல்லாம் இடம் மாறி, படிக்க முடியாத கிறுக்கலாக வந்தது. சரிசெய்தோம். லேப்டாப்பில் 'வெள்ளம்' என்ற சொல் பிழையில்லாமல் வந்தது.

அதைப் பெட்டியில் செருகுகிற ஒரு கார்ட்ரிட்ஜில் ஏற்றிப் பழைய டிவியில் போட்டுப் பார்த்தபோது மெய்யெழுத்தின் தலையிலிருந்த புள்ளிகளைக் காணோம். ஒற்றைப் புள்ளியை அந்த டிவி கரைத்துவிட்டது. 'சனம்' என்பது 'சனம' என்று நின்றது. லேப்டாப்பில்தான் சரியாக இருக்கிறதே, அதிலேயே ஆடலாம் என்றான் தம்பி. அவனுக்கும் ஆபீசில் வேலை நெருக்கியது. அலுத்துப்போயிருந்தான், பாவம்.

"இந்தப் பெட்டியிலதானே ஆடுறோம்? இதுல தெரியணும். நீ ஏத்தி மட்டும் குடு, வரையுறது என் வேலை" என்றேன்.

புள்ளியை இரண்டு கட்டம் அகலமாக்கினேன். அதற்கு இடம்விட எழுத்துகளின் உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறைய வேண்டும், இல்லாவிட்டால் வரி கோணலாகத் தெரியும். ஆகவே எல்லா எழுத்தையும் முதலிலிருந்து வரைந்தேன். மழைக்காலம் முழுக்க அதில் போனது. வேளச்சேரியில் தண்ணீர் நின்ற வாரங்களில் ஆட்டோ போகாது, தாளைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவனும் சலித்துக்கொண்டே ஏற்றினான்.

தண்ணீர் வடிந்து நாங்கள் போன ஞாயிறன்று, முதலில் ஆட என் வீட்டுக்காரரை உட்காரவைத்தேன். அதுவரை அந்தப் பெட்டிப் பக்கமே வராத மனிதர். திரையைப் பார்த்து, பேப்பர் படிக்கிற மாதிரியே வாய்விட்டுப் படித்தார். "அருள் போதாது... நிலம் சமம் செய்..." எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரையோரமாக வரிசையாய் வீடுகள் எழும்பின. எதிர்க்கடவுள் வெள்ளம் விட்டதும் பாதி போய்விட்டது. அவர் கரையை மேடாக்கத் தொடங்கினார். தம்பி என்னைப் பார்த்தான். "ணையும் அடங்கிடுச்சேக்கா" என்றான்.

பழைய விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில் எங்கள் எழுத்துகளைத் தம்பி போட்டுவைத்தான். வெளியூர்க்காரர் ஒருவர் நன்றி சொல்லிவிட்டு, தன் டிவியில் ல-வும் வ-வும் ஒன்றாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வ-வை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.