வண்டி இல்லாதவளின் லைசென்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலக் காலை. தேவர்சோலையிலிருந்து கூடலூருக்கு ஷேர் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன்.

நான் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். பிடிவாதமாகக் கார் ஓட்டக் கற்று, முதல் டெஸ்டில் தோற்று, அடுத்ததில் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. "வண்டியே இல்ல, லைசென்ஸ் எதுக்கு?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கேட்காத ஆளில்லை. பேங்கிலும் சிம் கார்டு கடையிலும் அடையாளத்துக்குக் காட்டியதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில், தனிக்குடித்தனம் இருக்கும் தம்பியின் பிக்கப் வண்டியை எஸ்டேட் ரோட்டில் ஓட்டிக் கை பழகிக்கொள்வேன்.

பாதி வழியில் ஜீப் தடுமாறி ஓரத்தில் நின்றது. டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்மேல் சாய்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. யார் போனிலும் சிக்னல் இல்லை.

பின்னாலிருந்த ஒருவர் இறங்கி வந்தார். "நான் எடுக்கறேண்ணா."

"லைசென்ஸ் இருக்கா?" அந்த வலியிலும் டிரைவர் கேட்டார்.

"இல்லண்ணா. ஆனா நல்லா ஓட்டுவேன்."

"வேணாம். இத்தன பேரு இருக்காங்க. லைசென்ஸ் இல்லாத கையில வண்டியக் குடுக்க மாட்டேன்."

"எங்கிட்ட இருக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன்.

டிரைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எடுங்க சேச்சி. பதறாதீங்க."

அவரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு நான் உட்கார்ந்தேன். ஏற்றத்தில் எடுத்ததுமே இன்ஜின் அணைந்து வண்டி பின்னால் நழுவியது. "யா அல்லா!" என்று ஒரு அம்மா அலறினார். பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அடுத்த முறை கிளட்சைப் பொறுமையாக விட்டேன். ஜீப் மெல்ல ஏறியது. எதிரே மூங்கில் லாரி வந்த வளைவில்கூட என் பக்கத்தை விட்டு விலகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, டிரைவரை உள்ளே கொண்டுபோகக் கதவைத் திறந்துவிட்டேன்.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. யாரு ஓட்டுனது?" என்றார் டாக்டர். ஜீப்பில் வந்த அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள். இலைக்கறை படிந்த கைகளை முந்தானைக்குள் மறைக்க வேண்டுமென்று அன்று தோன்றவே இல்லை.

குணமாகி, அந்த டிரைவர் மறுபடி ஜீப் எடுத்த முதல் வாரம். என்னைக் கண்டதும் முன்சீட்டில் இருந்தவரிடம் சொன்னார்: "நீங்க பின்னால போங்க. இங்க டிரைவருங்கதான் உக்காரணும்."

ஒரு வண்டி நிறைய உயிர்களை நம்பிக் கொடுக்கலாம் என்று லைசென்ஸில் எழுதித் தரப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்ற நினைப்பு, இன்றும் கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு மலையேறும்போதெல்லாம் என்னை நிமிர்ந்து நடக்கவைக்கிறது.