பக்கத்துக் கட்டிலில் ஓடிய கொரியத் தொடர்

வெள்ளை ஒயர் இயர்போன் அது. ஒரு முனை என் வலது காதில் இருக்கும், மறுமுனை பக்கத்துக் கட்டில் அக்காவின் இடது காதில். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் மடித்த துண்டில் கைபேசியைச் சாய்த்து வைத்திருப்போம். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கென்று ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை எனக்கு இடது, அக்காவுக்கு வலது. அதனால் இயந்திரங்கள் இரண்டும் வெளிப்பக்கம் போய்விட, எங்களுக்கு இடையில் அந்த முக்காலிக்கு இடம் கிடைத்தது. செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்குப் படுத்தால் பதினொன்று வரைக்கும் எழுந்திருக்க முடியாது. நான்கு மணி நேரத்தில் ஒரு கொரியத் தொடரின் மூன்று பாகங்களைப் பார்த்துவிடலாம். ஒன்றே முக்கால் வருடம் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

அக்கா வைத்திக்குப்பத்துக்காரர். இருபது வருடங்கள் மீன் விற்றவர். கையில் அந்தத் தையல் போட்டபிறகு பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு வியாபாரம் போயிற்று. கணவர் இல்லை. ஒரே மகள், இருபத்து மூன்று வயது, துணிக்கடையில் பில் போடுகிறவள். நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்து, உடம்பு கெட்டதும் வேலையை விட்டவள். உழவர்கரையில் நானும் என் அம்மாவும் மட்டும்தான். கொரியத் தொடரை எங்களுக்குப் பழக்கியவள் அக்காவின் மகள்தான். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும், மறுநாளுக்கு வேண்டிய மூன்று பாகங்களைத் தமிழ் டப்பிங்கோடு கைபேசியில் இறக்கி வைத்துவிடுவாள். ஒருநாளும் மறந்ததில்லை. தாயிடம் அவள் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. இந்த மூன்று பாகங்கள்தான் அவள் பேச்சு என்று பிறகு தோன்றியது.

அந்தத் தொடர்களைப் பற்றி அக்காவுக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. முதலாவது, பதினாறு பாகத்தில் முடித்துவிடுகிறார்கள் என்பது. "நம்ம சீரியலு நான் கட்டிக்கினு வந்தப்ப ஆரம்பிச்சது, என் பொண்ணு வேலைக்குப் போயும் முடியல" என்பார். இரண்டாவது, அவர்கள் சாப்பாட்டை மதிக்கிறார்கள். யாருக்கு என்ன துக்கம் என்றாலும் பக்கத்தில் இருப்பவர் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார். உப்பும் பழமும் குழம்பும் அளவோடுதான் என்று கட்டுப்பட்டுக் கிடந்த எங்களுக்கு, ஆவி பறக்கும் கிண்ணத்தைத் தூக்கி ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கிற காட்சிகள் பெரிய சோதனை. செத்தவர்களுக்குப் பழமும் மீனும் அடுக்கி வைத்து விழுந்து கும்பிடும் காட்சி வந்தால் அக்கா கையெடுத்துக் கும்பிடுவார். நாம் படைப்பது போலத்தானே இருக்கிறது என்பார். கதாநாயகன் கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "நம்ம கைய இப்டி இழுத்தான்னு வையி, அங்கயே ரத்தம் போயி சாவ வேண்டியதுதான்" என்று சொல்லி, தைத்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவர் மகள் தவறுதலாகக் கொரிய மொழியிலேயே இறக்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அதையே பார்த்தோம். யார் என்ன பேசுகிறார்கள் என்று அக்கா தானே வசனம் கட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சின்னப் பெண் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஆளைப் பார்த்து ஓடிவந்து ஒரு வார்த்தை சொன்னாள். அக்கா திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "அடியே, அப்பான்னு கூப்புடுதுடி!" மறுபடி அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தோம். அப்பா என்றுதான் கூப்பிட்டாள். அன்று முழுக்க அக்கா நர்சுகளிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தத் தொடர்களில் பிடிக்காத ஒன்று உண்டு. எல்லோரும் எதையாவது மறைக்கிறார்கள். புற்றுநோய் வந்தவன் காதலியிடம் சொல்லாமல் வெளிநாடு போகிறான். பெற்ற தாய் தான்தான் தாய் என்று சொல்லாமல் மகள் வேலை செய்யும் இடத்தில் தரை துடைக்கிறாள். இரண்டாவது பாகத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மீதிப் பதினாலு பாகமும் தேவையில்லை என்று நான் எரிச்சல்படுவேன். அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார். "சொல்லிட்டா பாரம் அவங்க தலையில ஏறிடும். சொல்லாதவங்கதான் தூக்கினு நிக்கிறாங்க, பாரு" என்பார். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வழக்கு தீர்ந்ததே இல்லை.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. அதில் தாய்க்குச் சிறுநீரகம் பழுது. வீட்டைவிட்டுப் போயிருந்த மகள் திரும்பி வந்து, தாய்க்குத் தெரியாமல் தன்னுடையதைக் கொடுக்கிறாள். அடுத்த காட்சியில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கைகோத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். பின்னணியில் பியானோ. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிவிட்டார்.

"எந்த அம்மாடி இத வாங்குவா?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தெரியாமதானேக்கா குடுக்குது."

"தெரிஞ்சப்பறம் சிரிக்கிறாளே. அதத்தான் கேக்கறேன்."

மீதிப் பாகங்களை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச எங்களை ஒவ்வொருவராக டாக்டர் கூப்பிட்டார். டாக்டர் சொல்வது தனக்குப் புரியாது என்று அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மகள் அன்று வேலையில் இருந்தாள். டாக்டர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, மகளின் ரத்த வகையும் அக்காவுடையதும் ஒன்றுதான், அக்காவின் இதயம் இப்போதைக்கு அறுவையைத் தாங்கும், மகளை அழைத்து வந்தால் மற்ற பரிசோதனைகளைச் செய்து பார்க்கலாம் என்று நிதானமாக விளக்கினார். ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஹார்ட்டு வீக்கு, ஆபரேசன் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு அவகிட்ட சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"என் அம்மா எனக்குக் குடுக்கறாங்க. வாங்கிக்கோ, யோசிக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்கு மட்டும் வேற நியாயமா?"

"நீ பொண்ணு. நான் அம்மா. அவ்ளோதான்டி."

நான் அழுதேன், வாதாடினேன். அவர் கையை விடவில்லை. இன்னொன்றையும் சொன்னார். கடைசியில் சரி என்றேன். திரைக்குள் இருப்பவர்களை அத்தனை பாகங்கள் திட்டியவள், ஒரு பெஞ்சில் கால் மணி நேரத்தில் அவர்களில் ஒருத்தியானேன்.

என் அம்மாவுக்குப் பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவந்தன. நாள் குறித்தார்கள். அந்த வாரத்தில் ஒருநாள், தாயைக் கூட்டிப்போக ஸ்கூட்டியோடு வந்த மகள், அக்கா எடை பார்க்கப் போயிருந்த நேரத்தில் என் கட்டிலருகே வந்தாள். கடையின் சீருடைப் புடவையில் இருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை.

"சித்தி, உங்களுக்கு மாத்தறாங்களாமே. நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு தணிந்த குரலில், "அம்மாவுக்கு ஏன் ஆகாதுன்னாங்க? நீங்க கூடத்தான் போனீங்களாமே. என்னோடது ஆகாதான்னு அம்மா கேட்டாங்களா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தேன். "டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தாயின் செருப்பை எடுத்துக்கொண்டு போனாள். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. இதில் பொய்யென்று சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் இல்லை.

எனக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. அம்மாவும் தேறிவிட்டார். தொற்று வரக்கூடாது என்று மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வார். நான் பார்க்காத தொடர்களின் கதையைச் சொல்வார். என் கட்டிலுக்குப் புதிதாக வந்தவர் எந்நேரமும் தூங்குகிறார், கதை பேச ஆளில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார். மூச்சு வாங்குவது போனிலேயே கேட்கும். மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, அவர் எண்ணிலிருந்து மகள் பேசினாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க." விடிந்ததும் டீ கொடுக்கப் போனாளாம், எழுந்திருக்கவில்லையாம். கூட்டத்தில் போகவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டதால் நான் அடக்கத்துக்குப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து முகக்கவசம் போட்டுக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். மகள் தனியாக இருந்தாள். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவள், "என்னால ஒண்ணுமே செய்ய முடியல சித்தி" என்று சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னதையும் அக்கா அவளிடம் சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு நான் திரும்பி வந்தேன். அதன் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை.

இப்போதும் நான் கொரியத் தொடர்கள் பார்க்கிறேன். மத்தியானங்களில், தனியாக, சிலசமயம் அம்மாவோடு. அம்மாவுக்கு அவை பிடிப்பதில்லை. எல்லா முகமும் ஒன்றாக இருக்கிறது என்கிறார். முன்பு எரிச்சலூட்டிய காட்சிகளில் இப்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். மறைக்க உதவுகிறவர்களையும் தெரியும், கதாநாயகிக்குப் பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு நிற்கும் தோழிகள். அவர்களைப் பற்றி யாரும் கடைசிப் பாகத்தில் கேட்பதில்லை. அந்தத் தோழி எப்படி வீடு போய்ச் சேர்ந்தாள், அன்று தூங்கினாளா என்று நான் யோசிக்கிறேன். அத்தனை பேரும் கடைசியில் மன்னித்துக்கொள்வது மட்டும் இன்னமும் எனக்கு நம்பும்படியாக இல்லை. பதினாறு பாகத்துக்குள் அடங்குகிற கோபம் பெரிய கோபம் இல்லை.

ஒன்பது மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, அவள் என் வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை குடிக்கவில்லை. அம்மா எங்களை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

"ஒண்ணு கேக்கணும் சித்தி. அப்படியே சொல்லணும். எனக்காக எதையும் மாத்தாதீங்க."

"கேளும்மா."

"கேட்டா நான் மாட்டேன்னு சொல்லிடுவேன்னு அம்மா நெனச்சாங்களா? அதனாலதான் கேக்கலயா?"

ஒன்பது மாதமும் அவள் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் என்றே நான் நினைத்திருந்தேன். அன்று அவள் வீட்டில், பெஞ்சில் நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா கையைப் பிடித்தபடி சொன்ன அந்த இன்னொன்றை நான் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றேன். "உங்க அம்மா சொன்னத அப்படியே சொல்றேன். 'அவகிட்ட கேட்டா ஒரு நிமிசம்கூட யோசிக்கமாட்டா. ஒடனே வந்து படுத்துக்குவா. அதுக்குத்தான்டி பயப்படறேன்.' இதான் சொன்னாங்க."

அவள் தம்ளரைத் தரையில் வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு தலைப்பை எடுக்காமலே கேட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சித்தி."

சொன்னேன்.