டைட்டு விற்கப்போன கிட்டார்

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லாரும் டைட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். ஒரு போல்ட்டை மற்றவர்கள் முடுக்கிவிட்டு வந்தால், பின்னாலேயே போய் இன்னும் அரைச் சுற்று முடுக்கிவிட்டு வருகிற ஆசாமி. ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நாற்காலிக் கால், குக்கர் கைப்பிடி, பக்கத்து வீட்டு கேட் என்று எது ஆடினாலும் ஸ்பேனரோடு போய் நின்றுவிடுவார். அவர் கை வைத்த லிஃப்ட் எதுவும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று யாரையும் அலறவைத்ததில்லை. அந்தப் பெருமை ஒன்றே போதும் மனுஷனுக்கு.

இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு கிட்டாரை விற்றுக்கொடு என்று சொன்னால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொல்கிறேன், கேளுங்கள்.

கிட்டார் அண்ணனுடையது. கடைகளில் வரிசையாகத் தொங்குமே, தட்டை முகத்துக் கிட்டார், அது இல்லை. வயலின் மாதிரி முன்பக்கம் புடைத்து, இரண்டு பக்கமும் வளைந்த கீறலாகத் துவாரம் வைத்த பழைய காலத்து ஆர்ச்டாப். அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஹோட்டல் பேண்டில் வாசித்தவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, அந்த வாசிப்பில் வந்த காசில்தான் தம்பியை வளர்த்து, லிஃப்ட் வேலை பழகவும் அனுப்பினார். அதனால் அண்ணன் எதைச் சொன்னாலும் டைட்டுவின் வாயில் வருவது ஒரே பதில்: "சரிங்கண்ணா."

அண்ணி தவறியபிறகு அண்ணன் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். விரல் மூட்டெல்லாம் இறுகி வாசிப்பும் நின்றுபோனது. டைட்டுவின் மகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பித்ததும், அண்ணன் தன் அறையை அவளுக்கு விட்டுவிட்டு ஹாலில் மடக்குக் கட்டிலுக்கு மாறினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. ஆனாலும் ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். தனி ரூம், பெரிய ஜன்னல். கிட்டாரை வித்தா அட்வான்ஸ் கட்டிடலாம். வித்த கையோட கிளம்பிடறேன்."

டைட்டு கையிலெடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். ஆனால் பழகிய வாய் பழகியதைத்தானே சொல்லும்!

"சரிங்கண்ணா."

மனைவி அவரைச் சமையலறையில் மடக்கினாள். "என்னங்க இது? மாமா போறேங்கறார், நீங்க பாட்டுக்குத் தலையாட்டறீங்க?"

"அவரே முடிவு பண்ணிட்டார். வேணாம்னு சொல்ல நான் யாரு?"

"தம்பி. வேற யாரு?"

அண்ணனுக்கு உண்மையிலேயே போக ஆசையா, இல்லை ஹாலில் படுப்பது கஷ்டமா, தடுத்தால் அவர் நிம்மதியைக் கெடுத்ததாகிவிடுமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கிட்டார் விலைபோனால் அண்ணன் போய்விடுவார். அது மட்டும் நன்றாகப் புரிந்தது. மற்றது புரியாதபோது கையில் கொடுத்த வேலையைச் செய்து முடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

அண்ணன் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். "கண்டவனுக்கும் குடுத்துடாதே. விஷயம் தெரிஞ்சவனா இருக்கணும்."

"தெரிஞ்சவன்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கறது?"

"கையில எடுக்கும்போதே தெரியும்டா. முதல்ல கம்பியை மாத்தி வை. என் விரல் சொன்ன பேச்சைக் கேக்காது."

அண்ணன் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் டைட்டு ஆறு கம்பிகளையும் மொத்தமாகக் கழற்றினார். வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கழற்றி, புதிதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். இவருக்கு அதை யார் சொன்னார்கள்? கடைசிக் கம்பி தளர்ந்ததுதான் தாமதம், கம்பிகளைத் தாங்கிக்கொண்டிருந்த சின்ன மரக்கட்டை, பிரிட்ஜ் என்பார்களே அது, டக்கென்று சரிந்து கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

"போச்சு! உடைச்சுட்டேன்!"

குப்புறப் படுத்து அதைத் தேடி எடுத்தார். திருகாணி உண்டா? இல்லை. ஆணித் துவாரம்? அதுவும் இல்லை. அந்த மாதிரிக் கிட்டாரில் பிரிட்ஜை எதனோடும் சேர்ப்பதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். சுருதி பார்த்து அதை மயிரிழை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்வார்கள். எல்லாப் பாரத்தையும் தாங்குகிற கட்டை எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா நிற்கும் என்று ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கனவில்கூடத் தோன்றுமா? பழைய பசை காய்ந்து விட்டுவிட்டது என்று அவரே முடிவுகட்டினார். பலகையில் அது நின்ற தடம் தெரிந்தது. தடம் கொஞ்சம் சாய்வாக வேறு இருந்தது.

"பாரேன், எவனோ அவசரத்துல கோணலா வச்சிருக்கான்," என்று திட்டிக்கொண்டே மூலைமட்டத்தை எடுத்துவந்தார். நூல் பிசகாமல் நேராக்கினார். இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் பசை இருக்கிறதே, பத்து நிமிஷத்தில் இரும்பையே பிடிக்கும், அதைத் தாராளமாகப் பூசி ஒட்டி, மேலே துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்தார். பசை காய்ந்ததும் புதுக் கம்பிகளை மாட்டினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கில் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைக் கிட்டாரின் துவாரத்துக்குள் விட்டு, டார்ச் அடித்து, "ஆஹா, ஆஹா" என்றார். டைட்டுவுக்குத் தன் கடைவாய்ப் பல் கூசியது.

"இந்த வார்னிஷ்ல விரிசலைப் பாருங்க சார்! யாரும் கை வைக்கவே இல்லை. அருமை!"

"விரிசல் நல்லதா டாக்டர்?"

"பின்னே? இதுக்குத்தான் சார் ஆளுங்க அலையறாங்க."

டைட்டுவின் தொழிலில் விரிசல் என்றால் உடனே லிஃப்டை நிறுத்திக் கதவில் போர்டு மாட்ட வேண்டும். இவரோ கொஞ்சுகிறார்! ஆனால் அதே டாக்டர், கம்பி முறுக்கும் சாவிகளில் ஒன்று மட்டும் புதிதாகப் பளபளத்ததைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிற மாதிரி உச்சுக்கொட்டினார். எது நல்லது, எது கெட்டது, இவர்கள் கணக்கே தலைகீழாக இருக்கிறதே என்று டைட்டு குழம்பினார்.

டாக்டர் வாசித்தார். கை மேலே போகப்போக முகம் சுருங்கியது. கட்டைவிரலால் பிரிட்ஜை மெல்ல நெட்டிப் பார்த்தார். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஃபேனைப் பார்த்தார். "சொல்லி அனுப்பறேன்" என்று டாக்டர் எழுந்துபோனவர்தான், ஆளையே காணோம்.

அடுத்து வந்தவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துவாரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, கண்ணை மூடிச் சொக்கிப்போனார். அவரும் வாசித்தார், அவரும் அதே கட்டையை நெட்டினார், அவரும் அண்ணனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினார். வாசித்துப் பேரெடுத்த மனுஷரின் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அவர் கிட்டாரைப் பழுதென்று எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குச் சங்கடம். டைட்டுவுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

அவருக்குள் இரண்டு மனசு மல்லுக்கட்டியது. நல்லவேளை, விற்கவில்லை என்றது ஒன்று. அண்ணன் கேட்ட ஒரே ஒரு காரியம், அதைச் செய்யத் துப்பில்லையே என்றது இன்னொன்று. இதில் அண்ணன் படுத்திய பாடு வேறு. ஆள் வந்து வாங்காமல் போனால் அவர் முகம் வாட வேண்டாமா? மனுஷர் சீட்டியடிக்கிறார்! இன்னொரு காபி கேட்கிறார்!

"போக அவசரப்படறவர் மாதிரியா இருக்கு?" என்றாள் மனைவி.

"எனக்கு ஒரு எழவும் புரியலை, என்னைக் கேக்காதே."

கடைசியில் ஓர் இசைப் பள்ளி டீச்சர் வந்தாள். வந்ததும், "கை கழுவிக்கலாமா?" என்று கேட்டாள். கிட்டாரில் கீறல் விழக்கூடாது என்று வாட்சைக் கழற்றி வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்தாள். அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆக, இவள்தான் தெரிந்தவள் என்று டைட்டுவுக்கே விளங்கியது. இவள் வாங்கிவிட்டால் அண்ணன் கிளம்பிவிடுவார் என்பதும் கூடவே விளங்கியது.

அவள் நாலு ஸ்வரம்தான் வாசித்திருப்பாள். சட்டென்று நிறுத்திக் குனிந்து பார்த்தாள்.

"ஐயையோ! இதை யாரு ஒட்டினது?"

"ஒட்டக்கூடாதா?" என்றார் டைட்டு.

"இது சும்மா நிக்கணும் சார். நகர்த்தித்தான் சுருதி சேர்க்கணும். கொஞ்சம் சாய்வா நின்னாத்தான் எல்லாக் கம்பியும் சரியாப் பேசும். இப்படி மட்டம் வச்சு ஒட்டினா மேல போகப்போக எல்லாமே அபஸ்வரம்! எடுக்கலாம், எனக்கு எடுக்கத் தெரியும். ஆனா யாரு இந்த வேலையைப் பண்ணினது?"

டைட்டுவுக்குக் காதெல்லாம் சுட்டது. வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

"நான்தாம்மா ஒட்டினேன்."

"நீங்களா? நீங்க வாசிச்சவர்தானே?"

"வாசிச்சவன்தான். வயசாச்சு பாரு, புத்தி மழுங்கிப்போச்சு."

அவள் முகத்தில் அதுவரை இருந்த மரியாதை இறங்கி, அந்த இடத்தில் பரிதாபம் வந்து உட்கார்ந்தது. அதைத்தான் டைட்டுவால் தாங்க முடியவில்லை.

"பொய்! அவர் பொய் சொல்றார்மா! நான்தான் ஒட்டினேன். கம்பி மாத்தறேன்னு கழட்டினேன், விழுந்துடுச்சு, உடைஞ்சுதுன்னு நினைச்சு... அண்ணா, உங்களுக்கு இது தெரியவே தெரியாது, நீங்க ஏன்..."

"தெரியும்டா. பல் டாக்டர் வாசிச்சப்பவே காதுல விழுந்துடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா சரி பண்ணிடுவே. சரி பண்ணினா வித்துடுவே."

டைட்டு திருதிருவென்று விழித்தார். "விக்கத்தானேண்ணா சொன்னீங்க?"

"சொன்னேன். ஹால்ல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கோமேன்னு மனசு உறுத்துச்சு, சொல்லிட்டேன். 'எதுக்குண்ணா போறீங்க'ன்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன். நீ மறுநாளே கம்பி வாங்கிட்டு வந்து நின்னே."

கதவோரம் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டைட்டு, ஐம்பது தாண்டிய மனுஷன், முன்பின் தெரியாத டீச்சர் எதிரிலேயே அழுதார்.

"எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியலைண்ணா. நீங்க சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. போகாதீங்கண்ணா. நான் விடமாட்டேன், போகாதீங்க."

அண்ணன் மடங்காத விரல்களால் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்கோ தர்மசங்கடம். ஓசைப்படாமல் கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு வாட்சைத் தேடினாள்.

"நான் வேணும்னா அப்புறமா வரட்டுமா?"

"இரும்மா," என்றார் அண்ணன். "இந்த விரலுக்கு இனிமே அது எதுக்கு? நீயே எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணி வாசி. விலையை நிதானமா பேசிக்கலாம், நான் எங்கயும் போகலை."