இடது முட்டில் ஒரு வில்லங்கம்

என் பெரியப்பா முதன்முதலாகக் கால்பந்தாட்டம் பார்க்கப் போன அன்று, மைதானத்தின் ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாராம். கேட்டுத் தெரிந்துகொண்டு நோட்டை எடுத்து, ஒரு நீளச் சதுரம் வரைந்து, மேலே வடக்கு என்று எழுதி, நாலு எல்லையும் குறிக்கத் தொடங்கினார். கிழக்கே பள்ளிக்கூடத்து மதில், தெற்கே பொதுவழி, மேற்கே யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பு. அந்த யாரோ ஒருவருடைய பெயரையும் விசாரித்து எழுதி முடிப்பதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. கோல் விழுந்ததைப் பார்த்தீர்களா என்று வீட்டில் நான் கேட்டேன். "சத்தம் கேட்டுது மக்கா. நான் அப்பம் மேக்க எல்லை எழுதிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பெரியப்பா ஆதாரம் எழுத்துக்காரர். நிலம் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகளும், நெய்யாற்றின்கரை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகும் முன் அவரிடம்தான் பத்திரம் எழுத வருவார்கள். எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடங்கள் அவை. தமிழ்த் தாலுகாக்கள் சென்னையோடு சேருமா சேராதா, சேர்ந்தால் கோடு பாறசாலைக்கு அந்தப் பக்கம் விழுமா இந்தப் பக்கம் விழுமா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் கொல்லயிலில், வீட்டு முற்றத்தில் வந்து நிற்கிறவர்கள், ஆதாரத்தைத் தமிழில் எழுதுவதா மலையாளத்தில் எழுதுவதா என்று கவலைப்படுவார்கள். பெரியப்பாவுக்கு இரண்டிலும் கை ஓடும். "ராஜ்ஜியம் எதுவானாலும் உம்ம பிலாமரம் உம்ம எல்லையிலதான் நிக்கும், பேசாம இரியும்" என்பார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. நிலத்தை நேரில் நடந்து பார்க்காமல் எழுத மாட்டார். கடன், வழக்கு, வழித் தகராறு என்று ஒரு வில்லங்கம் இருந்து, அதை மறைத்து எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுவார். அதனால் போன வேலைகள் நிறைய. பெரியம்மை அதற்காக அவரை ஏசாத நாள் கிடையாது.

அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நான் மிஷன் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தேன். அப்போதுதான் குளத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குத் திருவனந்தபுரத்துக் காலேஜில் கடைசி வருடம். காலேஜ் அணியின் சென்டர் ஹாஃப் அவர். அந்தக் காலத்து ஆட்டத்தில் நடுவில் நிற்கிற இந்த ஆளிடம்தான் பந்து வரும். இவர் பார்த்து அனுப்புகிற திசையில்தான் மொத்த அணியும் ஓடும். கோல் அடிப்பது வேறு யாராவது. வடக்கே ஒரு தொழிற்சாலை தன் அணிக்கு அவரை எடுக்கப் போகிறது, நிரந்தர வேலை, குடியிருக்க வீடு என்று தரகர் சொன்னார். "பந்து சவுட்டினா சம்பளமா?" என்று அம்மா வாயைப் பிளந்தாள். கம்பெனி எடுத்தால்தான் கல்யாணம் என்று வீட்டில் முடிவானது. எடுக்குமா எடுக்காதா என்று ஆராய்கிற பொறுப்பு பெரியப்பா தலையில் விழுந்தது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. சபைக் கன்வென்ஷனில் இரண்டு தடவை பார்த்ததுதான். ஆனால் பிடித்துவிட்டது, அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

பெரியப்பா மூன்று ஆட்டங்கள் பார்த்தார். நான்காவதாக ஒன்றுக்குக் கிளம்பி, ஹர்த்தால் என்று பாதி வழியில் திரும்பி வந்தார். பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தெரிந்ததைச் செய்தார். ஆள் எங்கே நிற்கிறார், எந்த வழியாகப் போகிறார் என்று படத்தில் புள்ளி வைத்து வந்தார். பையனுடைய ஆட்டத்தில் எல்லாரும் மெச்சியது ஒரு திருப்பம். இடப்பக்கம் வருகிற பந்தை விட்டுவிட்டு, உடம்பை ஒரு முழு வட்டம் வலமாகச் சுழற்றி, வலது காலால் அதை ஏந்தி அனுப்புவார். கூட்டம் கைதட்டும். கம்பெனியிலிருந்து வந்திருந்தவரும் கைதட்டினாராம். மூன்றாவது ஆட்டம் முடிந்து வந்த அன்று பெரியப்பா மூன்று படங்களையும் என் முன்னால் விரித்து வைத்தார். எனக்கு எறும்புக் கூட்டமாகத்தான் தெரிந்தது.

"நல்லா பாரு. இடத்தோட்டு ஒரு தடவைகூடத் திரும்பல்ல. நேர்வழி கெடக்கும்போ ஒருத்தன் சுத்திப் போனா என்ன அர்த்தம்? நேர்வழியில என்னவோ கெடக்குண்ணு அர்த்தம். எத்தன நிலம் பாத்திருக்கேன். அவனுக்க இடது முட்டில வில்லங்கம் உண்டு மக்கா."

நான் நம்பவில்லை. அது அவருடைய ஆட்ட அழகு என்று சொன்னேன். பெரியப்பா மறுக்கவில்லை. மறுநாள் குளத்தூருக்கு நடந்து போய், அந்த ஊர் வைத்தியரிடம் வேறு ஏதோ பேச்சுப் பேசுகிற மாதிரி பேசி, முந்தைய மழைக்காலத்தில் பையனுடைய இடது முழங்கால் முட்டுக்கு இரண்டு மாதம் எண்ணெய்க்கட்டுப் போட்டதைத் தெரிந்துகொண்டு வந்தார். வெளியே யாருக்கும் தெரியாது. காலேஜுக்குத் தெரியாது. கம்பெனிக்கும் தெரியாது.

கம்பெனிக்காரர் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக நெய்யாற்றின்கரையில் ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். பெரியப்பா அதற்கும் போனார். அங்கேதான் அந்த வேடிக்கை நடந்தது. எல்லா ஆட்டத்திலும் குடையும் நோட்டுமாக நின்று, ஒரே ஆளையே பார்த்துக் குறிப்பெடுக்கிற இந்தப் பெரியவரைக் கம்பெனிக்காரர் முதலிலிருந்தே கவனித்து வந்திருக்கிறார். வேறொரு கம்பெனி அனுப்பிய ஆள் என்று உறுதியாக நம்பிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து, டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் கம்பெனி எவ்வளவு தரப் போகிறது என்று மெல்லக் கேட்டார். பெரியப்பா நோட்டைத் திறந்து காட்டி, தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்ததைச் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்நிட்டு பெண்ணு கொடுக்குந்நுண்டோ?" என்று கேட்டார். பெண்ணைக் கொடுக்கிறீர்களா இல்லையா.

விளையாட்டாகத் தொடங்கியதுதான், ஆனால் கேட்டவர் விளையாடவில்லை. நான் நாலு நாளாக யோசிக்கிறேன், நீங்கள் நாலு ஆட்டம் பார்த்திருக்கிறீர்கள், ஒரு பெண்ணையே நம்பிக் கொடுப்பீர்கள் என்றால் நானும் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னாராம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று பெரியப்பா நழுவினார். மறுநாள் பஸ் ஓடாது என்று அறிவித்திருந்தார்கள். கம்பெனிக்காரர் எப்படியும் நெய்யாற்றின்கரையில் மாட்டிக்கொண்டவர்தான். நாளை மத்தியானம் வரை சத்திரத்தில் இருப்பேன், வந்து சொல்லுங்கள் என்றார்.

சாயங்காலம் பெரியப்பா வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தார். நான் மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னார்.

"நாளைக்குப் போய் பெண்ணு குடுக்கோம்ணு சொல்லிட்டு வாறேன். முட்டுக்க காரியம் அவரு கேக்கல்ல. கேக்காத்தத நான் சொல்லாண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வில்லங்கம் மறைக்க மாட்டேன் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய மனிதர் இவர். எனக்காக அந்தப் பிடிவாதத்தை விடத் துணிந்துவிட்டார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"குடுக்கோம்ணு சொல்லுங்க பெரியப்பா. முட்டுக்க காரியத்தையும் சேத்துச் சொல்லுங்க. தெரிஞ்சுதான் குடுக்கோம்ணு சொல்லுங்க."

"அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா பிள்ளே?"

"கேட்டா வேண்டாம்ணு சொல்லுவாரு. கேக்காண்டாம்."

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மறுநாள் காலையில் பெரியப்பா நடந்தே நெய்யாற்றின்கரைக்குப் போனார். உதியன்குளங்கரையில் ஊர்வலம் வந்து வழியை மறித்து, நீர் எந்தப் பக்கம் என்று கேட்டதாம். ஒரு பெண்ணுக்குக் காரியம் முடித்துவிட்டு வருகிறேன், வரும்போது கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். சத்திரத்தில் நான் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னார். கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து கை கொடுத்தார், அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் காலேஜுக்குக் கடிதம் வந்தது. அவரை எடுக்கவில்லை. அதே அணியில் கோல் அடிக்கிற இன்னொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். இவர் பார்த்து அனுப்பிய பந்தை எல்லாம் கோலாக மாற்றியவன் அந்தப் பையன். பெரியப்பா முட்டு விஷயத்தைச் சொன்ன செய்தி எப்படியோ கசிந்தது. குளத்தூரிலிருந்து அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரியப்பா தலையைக் குனிந்து, "சொன்னது நான்தான்" என்று மட்டும் சொன்னார். கல்யாணம் அதோடு நின்றது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் போகும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, "உனக்க பெரியப்பன் வாய்க்கு உன்னை நான் தண்டிக்க மாட்டேன். எனக்கு ஒரு வேலை கிடைக்கட்டு, வாறேன்" என்றார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை கிடைத்து, சொன்னபடியே வந்தார். அப்பா இல்லாத பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியவர் பெரியப்பா. அவர் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். சித்தப்பா அழைத்துப் போனார். பெரியப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் அழுதபோது, "கையெழுத்து எனக்கதாக்கும். நீ மிண்டாம இரு" என்று அதட்டினார். அதன்பிறகு இருபது வருடம் வாழ்ந்தார். கோடு பாறசாலைக்கு அந்தப் பக்கம் விழுந்து, நாங்கள் கேரளத்துக்காரர்கள் ஆனோம். என் வேலை நிரந்தரமானது. எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் நடந்தது. ஒன்றுக்கும் அவரை அழைக்க என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. பெரியப்பா மதிலுக்கு அப்பால் நின்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். அடக்கத்துக்கு நான் மட்டும் போனேன்.

அந்த இடது முட்டு இன்றுவரை ஒடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு எண்பது தாண்டியும் தடி வேண்டியிருக்கவில்லை. காலையில் சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வருகிறார். அந்தக் கம்பெனியில் ஆடாததால்தான் கால் தப்பியதா, இல்லை, காலில் பெரிதாக ஒன்றுமே இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது? இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அவருடைய காலை நினைத்துத்தான் சொன்னேன் என்று பல காலம் என்னையே சமாதானப்படுத்தி வந்தேன். கம்பெனிக்காரனுக்குக் கால்தான் வேண்டும், கால் போனால் ஆளைத் தெருவில் விடுவான் என்று பயந்ததும் உண்மைதான். ஆனால் எனக்குக் கொல்லயிலை விட மனமில்லை. என் டீச்சர் வேலை நிரந்தரமாகிற நேரம் அது. அவர் வடக்கே போனால் நானும் போக வேண்டும். மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் இதுவும் என் மனசில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று ஆடிய ஒரு பையனைப் பார்த்துவிட்டு, "இவனைவிட நல்லா ஆடுவேன் நான். உனக்க பெரியப்பன் மட்டும் வாயை மூடியிருந்தா" என்று என் வீட்டுக்காரர் பேரன் காதுபட என்னிடம் சொன்னார். பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், வழக்கமாகக் கேட்கிற கதைதானே. நானும் வழக்கமாகச் சிரிப்பேன். அன்று சிரிக்க வரவில்லை. செத்துப் போன மனிதரை இந்த வீட்டில் இன்னும் எத்தனை நாள் ஏச விடுவது?

அன்று ராத்திரியே எழுதத் தொடங்கி, இன்றைக்கு முடித்தேன். அவருக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை. பத்திரிகை முழுவதையும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இதோ கூடத்தில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்தாயிற்றா என்று கேட்கிறார். ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன். கோபம் வந்தால் வரட்டும். கோபப்பட வேண்டியது என்மேல்தான் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.